அட்மின் பாஸ்வேர்டு திருடன் கையில் இருந்தால்? ஒரு சிறு நிறுவனத்தை ரான்சம்வேருக்கு எதிராகத் தயார்செய்த பதிவு

18 கணினிகள், ஒரு விண்டோஸ் சர்வர், அதில் கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ், எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கோப்புறைகள், மூலையில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி), சர்வரின் பின்பக்கம் எப்போதும் செருகியே இருக்கும் ஒரு யூஎஸ்பி டிஸ்க். ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல், தாக்கினாலும் தாங்கும்படி நான் வேலை செய்துகொடுத்த நிறுவனத்தில் இருந்ததெல்லாம் இவ்வளவுதான். "ஆன்டிவைரஸ் இருக்கு, தினமும் பேக்கப் ஓடுது, இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்று கேட்டார் அதை நடத்துபவர். நியாயமான கேள்வி. அவர் சொன்ன இரண்டும் நிஜமாகவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து, நிறுவனத்தின் தரவு எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை இடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். தாளின் தலைப்பில் ஒரே ஒரு நிபந்தனை: சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு திருடன் கையில் இருக்கிறது. எப்படிப் போனது என்று இப்போதைக்குக் கேட்கக் கூடாது. போய்விட்டது, அவ்வளவுதான். அந்தப் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் இருப்பதை அழிக்க முடியுமா, முடியாதா என்று குறித்துக்கொண்டே வந்தோம்.

இப்படித் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. யாரோ ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்தார், உடனே கோப்புகள் பூட்டிக்கொண்டன என்றுதான் பலரும் ரான்சம்வேரைக் கற்பனை செய்கிறார்கள். 2013இல் கிரிப்டோலாக்கர் பரவிய காலத்தில் அது பெரும்பாலும் சரி. இன்று நிறுவனங்களைக் குறிவைக்கும் கும்பல்கள் உள்ளே நுழைந்த பிறகு ஆற அமர வேலை செய்கின்றன. முதல் கணினியில் கிடைக்கும் பாஸ்வேர்டுகளைத் திரட்டுவார்கள், அதை வைத்து அடுத்த கணினிக்குத் தாவுவார்கள், அட்மின் உரிமையைப் பிடிப்பார்கள், தரவை வெளியே நகலெடுப்பார்கள், பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடிப்பிடித்து அழிப்பார்கள். பூட்டும் நிரலை ஓட்டுவது கடைசியில்தான், அதுவும் பெரும்பாலும் அலுவலகத்தில் ஆளில்லாத இரவிலோ விடுமுறை நாளிலோ. கோப்புகளின் பழைய நிலையை மீட்க விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் ஷேடோ காப்பிகளை ஒரே வரிக் கட்டளையில் அழித்துவிட்டுத்தான் அந்த நிரல்கள் பொதுவாக வேலையைத் தொடங்கும்.

தாளில் என்ன ஆயிற்று என்றால், யூஎஸ்பி டிஸ்க் சர்வரில் ஒரு டிரைவ் எழுத்தாகத் தெரிகிறது. போச்சு. நாஸ் பெட்டி, அலுவலகக் கணினிகள் அனைத்தையும் சேர்த்து நிர்வகிக்கும் டொமைனின் அதே பாஸ்வேர்டைத்தான் ஏற்கிறது. அதுவும் போச்சு. நாஸில் ஸ்னாப்ஷாட், அதாவது கோப்புகளின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் வசதி, இயங்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் நாஸின் நிர்வாகப் பக்கத்துக்கான பாஸ்வேர்டு சர்வரின் பிரவுசரில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே போய் ஸ்னாப்ஷாட்டையே நீக்கிவிடலாம். மேகத்தோடு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்போடு, ஒத்திசையும் கோப்புறை, பூட்டிய கோப்பையும் விசுவாசமாக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளை மீட்க வழி உண்டு என்றாலும் அந்தக் கணக்கும் அதே கணினியில் திறந்தே கிடந்தது. கடைசி வரி வரைக்கும் சிவப்புக் குறிதான்.

நிறுவனத்தை நடத்துபவருக்கு அப்போது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு நேர்ந்ததைச் சொன்னேன். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நிரல், உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. பார்ப்பதற்கு ரான்சம்வேர் மாதிரி இருந்தாலும் பணம் கொடுத்தாலும் எதையும் மீட்க முடியாத அழிப்பு நிரல் அது. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் மெர்ஸ்க்கிடம் உலகம் முழுக்க நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று இருக்கும் என்பது ஏற்பாடு. எல்லாமே ஒரே நேரத்தில் போயின. கானா அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும், அந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால் தப்பித்தது. அந்த ஒன்றிலிருந்துதான் மீதி எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். நூறு நகல்களையும் அழித்த நிரலால், இணைப்பில் இல்லாத அந்த ஒரு நகலை எட்ட முடியவில்லை. "சரி, நமக்கும் எட்டாத ஒண்ணு வேணும்" என்றார் அவர். வேலை தொடங்கியது.

பேக்கப்பின் திசையை மாற்றியது

பழைய ஏற்பாட்டில் சர்வர்தான் பேக்கப்பை நாஸுக்குத் தள்ளியது. தள்ளுவதற்கு எழுதும் உரிமை வேண்டும். எழுதும் உரிமை இருந்தால் அழிக்கவும் முடியும். எனவே திசையைத் திருப்பினேன். ஓரமாகக் கிடந்த ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, ஒன்றுக்கொன்று மிரராக இரண்டு டிஸ்க் வைத்து, ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய இசட்எஃப்எஸ் கோப்பமைப்பை நிறுவினேன். இரவில் இந்தப் பெட்டி சர்வரிடம் போய்க் கோப்புகளை இழுத்துக்கொள்ளும். சர்வருக்கு இதற்குள் நுழைய வழியே கிடையாது.

இந்தப் பெட்டியை டொமைனில் சேர்க்கவில்லை. இதன் பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படாது, எந்தக் கணினியிலும் சேமிக்கப்படவும் இல்லை. பகிர்வுக் கோப்புறை எதுவும் இல்லை. தொலைவிலிருந்து லாகின் செய்யும் வசதியையும் அணைத்துவிட்டேன். ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் மானிட்டரும் கீபோர்டும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் செருக வேண்டும். தொந்தரவுதான். அந்தத் தொந்தரவு திருடனுக்கும் இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். சர்வரில் இந்தப் பெட்டிக்காக ஒரு தனிக் கணக்கு உருவாக்கினேன். அதற்குப் படிக்கும் உரிமை மட்டும், சர்வரில் உட்கார்ந்து லாகின் செய்யும் உரிமை கிடையாது.

ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஒரு ஸ்னாப்ஷாட். இன்றிரவு பூட்டிய கோப்புகளையே இழுத்துவந்தாலும் நேற்றைய ஸ்னாப்ஷாட் மாறாமல் இருக்கும். எவ்வளவு காலத்துக்கு வைப்பது என்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒருவன் வாரக்கணக்கில் உள்ளே பதுங்கி இருந்துவிட்டுத் தாக்கினால், ஒரு வாரப் பேக்கப் முழுக்க அவன் விட்டுச்சென்ற நிரல்களும் இருக்கும். தினசரி 30, வாராந்திரம் 12, மாதாந்திரம் 12 என்று வைத்தேன். மாறாத கோப்புகள் ஸ்னாப்ஷாட்டில் கூடுதல் இடம் பிடிக்காது என்பதால் நினைத்த அளவுக்கு டிஸ்க் நிரம்பவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு சிறு ஸ்கிரிப்ட். ஒவ்வொரு இரவும் எவ்வளவு தரவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். வழக்கத்தைவிடப் பல மடங்கு மாறியிருந்தால் பழைய ஸ்னாப்ஷாட்களை நீக்குவதை நிறுத்திவிட்டு எச்சரிக்கை அனுப்பும். ஒரே இரவில் எல்லாக் கோப்பும் மாறுவதற்கு ஒழுங்கான காரணங்கள் மிகக் குறைவு. ஒருமுறை யாரோ ஒரு பெரிய புகைப்படத் தொகுப்பைக் கோப்புறை விட்டுக் கோப்புறை நகர்த்தியபோது இது கூவியது. எனக்குச் சந்தோஷம்தான், வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

டேட்டாபேஸ் தனிக் கதை. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் ஒரு நகல் கிடைக்கும். திறக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். அதனால் இரவில் முதலில் டேட்டாபேஸே தன் பேக்கப்பை ஒரு கோப்புறையில் எழுதும், அது முடிந்த பிறகு பெட்டி வந்து இழுக்கும். இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விட்டிருக்கிறேன்.

வெளியே சுற்றும் லேப்டாப்களை இழுக்க முடியாது, அவை எப்போது நெட்வொர்க்கில் இருக்கும் என்று சொல்ல முடியாதே. அவற்றுக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள். பெட்டியில் ரெஸ்டிக்குக்கான சர்வரைச் சேர்க்க-மட்டும் முறையில் ஓட்டினேன். லேப்டாப் புதிதாகச் சேர்க்கலாம், பழையதை அழிக்க முடியாது. இந்தப் பெட்டியின் ஃபயர்வாலில் உள்ளே வரத் திறந்த ஒரே போர்ட், அதாவது நெட்வொர்க் வாசல், இதுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லேப்டாப்பைப் பிடித்தவன் அழிக்க முடியாவிட்டாலும் குப்பைப் பேக்கப்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம், அவற்றுக்குத் தேதியையும் அவன் இஷ்டம்போல் போடலாம். "கடைசி 30ஐ மட்டும் வை" என்று நீங்கள் விதி போட்டிருந்தால், அந்தக் குப்பையை வைத்துக்கொண்டு நல்லதையெல்லாம் உங்கள் விதியே அழித்துவிடும். எண்ணிக்கையை விட்டுவிட்டு, இவ்வளவு காலத்துக்குள் உள்ளதை வை என்று கால அளவால் விதி போடுவது பாதுகாப்பு. நீக்கும் வேலையும் தானாக ஓடுவதில்லை, பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு நானே ஓட்டுகிறேன்.

அடுத்து, கட்டடமே எரிந்தாலும் மிஞ்ச ஒரு நகல் வெளியே வேண்டும். ஆப்ஜெக்ட் லாக், அதாவது குறித்த காலத்துக்குக் கோப்பை அழிக்க விடாமல் பூட்டும் வசதியுள்ள மேகச் சேமிப்பில், மறையாக்கம் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாத) பேக்கப்பை வைத்தேன். இந்தப் பூட்டு இரண்டு வகை. கவர்னன்ஸ் முறையில், சிறப்பு அனுமதி உள்ள கணக்கால் பூட்டைத் தாண்டி அழிக்க முடியும். கம்ப்ளையன்ஸ் முறையில், குறித்த காலம் முடியும்வரை கணக்கின் ரூட் பயனரே நினைத்தாலும் அழிக்க முடியாது. நமக்குத் தேவை இரண்டாவது. ஆனால் முதலில் ஒரு நாள் காலத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். தவறுதலாகப் பத்து வருடம் என்று போட்டுவிட்டால் பத்து வருடத்துக்கும் வாடகை கட்ட வேண்டியதுதான். அமேசானில் இந்தப் பூட்டைத் தாண்டி அழிக்க மிஞ்சும் ஒரே வழி அந்த மேகக் கணக்கையே மூடுவது. அதனால் ரூட் கணக்குக்கு அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காமல் தனி முகவரி வைத்து, பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவியை, பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இரண்டாவது சான்றாகச் சேர்த்தேன்.

பழைய யூஎஸ்பி டிஸ்க்கையும் வீணாக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்து இரண்டாக்கி, வாரம் ஒன்றாக மாற்றிச் செருகுகிறார்கள். செருகாத டிஸ்க் அலுவலகத்தில் இருக்காது. இதைப் பழமையான முறை என்று சிரிப்பவர்கள் உண்டு. வயரில் இல்லாத டிஸ்க்கை எந்த ஹேக்கராலும் தொட முடியாது என்பதால் நான் சிரிப்பதில்லை.

பேக்கப்பைத் திறக்கும் சாவியை, அதாவது மறையாக்கப் பாஸ்வேர்டை, தாளில் எழுதி உறையில் போட்டு இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தோம். சாவி, பூட்டிப்போன கணினிக்குள்ளேயே இருந்தால் அத்தனை பேக்கப்பும் வெறும் எண்கள்தான்.

மீட்டுப் பார்த்தபோது

பேக்கப் எடுத்ததாகப் பச்சை விளக்கு எரிந்தால் நகல் எடுக்கப்பட்டது என்று மட்டுமே அர்த்தம். காலியான ஒரு கணினியை எடுத்து, அலுவலக நெட்வொர்க்கிலிருந்து முழுக்கத் துண்டித்து, சர்வர் எரிந்துபோய்விட்டது என்று வைத்துக்கொண்டு மீட்க உட்கார்ந்தோம்.

தரவு வந்தது. அதைத் திறக்கத்தான் ஒன்றும் இல்லை. கணக்கு மென்பொருளின் நிறுவல் கோப்பு சர்வரில்தான் இருந்தது, அதன் லைசென்ஸ் எண் யாருடைய மின்னஞ்சலிலோ இருந்தது, அந்த மின்னஞ்சலைத் திறக்க வேண்டிய பாஸ்வேர்டு பூட்டப்பட்டதாக நாங்கள் கற்பனை செய்த கணினியில் இருந்தது. லைசென்ஸைப் புதிய கணினிக்கு மாற்ற மென்பொருள் விற்றவர்களைக் கூப்பிட வேண்டும், அவர்கள் அலுவலக நேரத்தில்தான் எடுப்பார்கள். எந்தப் பதிப்பு டேட்டாபேஸ், எந்தப் பேட்ச் நிலை, எந்தப் போர்ட் என்பதெல்லாம் ஒருவர் தலையில் மட்டும் இருந்தது. இப்போது இவை எல்லாம் "மீட்பு" என்ற ஒரு கோப்புறையில், செருகாத டிஸ்க்கிலும் காகிதத்திலும் இருக்கின்றன.

அடுத்து வேகம். இந்தக் கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பொதுக் கோப்புறைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 2 டெராபைட். ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 மெகாபைட் என்று வைத்தால் ஐந்து மணி நேரம். குட்டிக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் அதைவிட நிறையவே ஆகும். அதையே மேகத்திலிருந்து 100 மெகாபிட் இணைப்பில் இறக்கினால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான், மொத்தம் 44 மணி நேரத்துக்கும் மேல். கிட்டத்தட்ட இரண்டு நாள், அதுவும் இணைப்பு அறுந்து போகாமல் இருந்தால். மேகப் பேக்கப் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் காட்டுகிறேன்.

எனவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மீட்க முயல்வதில்லை என்று முடிவு செய்தோம். முதலில் கணக்கு டேட்டாபேஸ், அது சில ஜிகாபைட்தான். அடுத்து நடப்பு ஆண்டுக் கோப்புறைகள். பழைய ஆண்டுகள் மெதுவாக வரட்டும். எது முதலில் என்று முடிவெடுக்கும் பொறுப்பை நான் எடுக்கவில்லை, அதைக் கணக்குப் பிரிவும் விற்பனைப் பிரிவும் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். நெருக்கடி நேரத்தில் அந்தச் சண்டை நடந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பணம் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடாதா என்று இங்கேயும் ஒருவர் கேட்டார். 2021 மே மாதம் அமெரிக்காவில் குழாய் வழியே எரிபொருள் கொண்டுசெல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன்னைத் தாக்கிய ரான்சம்வேர் கும்பலுக்கு 75 பிட்காயின் கொடுத்தது. பூட்டைத் திறக்கும் நிரல் கிடைத்தது, ஆனால் அது மிக மெதுவாக ஓடியதால் தங்கள் பேக்கப்பிலிருந்து மீட்கும் வேலையையே தொடர்ந்தார்கள்.

வாசல்கள்

கலோனியலுக்குள் நுழைந்த வழியும் இந்த அலுவலகத்துக்குப் பாடமாக இருந்தது. பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழி) கணக்கு, இரண்டாவது சான்று எதுவும் கேட்காத கணக்கு. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் தாக்கப்பட்டதும் இரண்டாவது சான்று இல்லாத ஒரு தொலையணுகல் தளம் வழியாகத்தான்.

இங்கே வெளியிலிருந்து கணக்கு பார்க்க வருபவருக்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப், அதாவது தொலைவிலிருந்து சர்வரின் திரையை இயக்கும் வசதி, திறந்திருந்தது. 3389 என்ற வழக்கமான போர்ட்டை மாற்றி வேறு எண் கொடுத்திருந்தார்கள், அதனால் பத்திரம் என்ற நம்பிக்கை. இணையத்தைச் சலித்துக்கொண்டே இருக்கும் ஸ்கேனர்களுக்கு எண் எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். சர்வரின் செக்யூரிட்டி லாகில் 4625 என்ற எண்ணைத் தேடிக் காட்டினேன், தோற்றுப்போன லாகின் முயற்சிகளுக்கான எண் அது. திரையை உருட்டிக்கொண்டே போகலாம், முடிவே இல்லை. அன்றே அதை மூடினோம். இப்போது விபிஎன், அதற்கு இரண்டாவது சான்று. வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் விபிஎன் பட்டியலில் இன்னும் உயிரோடு இருந்தன, அவற்றை நீக்கினோம். ரவுட்டர் தானாகப் போர்ட் திறக்கும் யூபிஎன்பி வசதியை அணைத்தோம். நாஸின் நிர்வாகப் பக்கமும் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. 2021இல் க்யூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்று நாஸ் பெட்டிகளையே நேரடியாகத் தாக்கிய ரான்சம்வேர்கள் வந்து போன பிறகும் இது எத்தனையோ அலுவலகங்களில் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு வாசல், மென்பொருள் பராமரிப்பவர்கள் சர்வரில் நிரந்தரமாக வைத்திருந்த தொலைநிர்வாகக் கருவி. 2021 ஜூலை 2 அன்று கசேயா என்ற நிறுவனத்தின் அப்படிப்பட்ட கருவி வழியாகவே ஆயிரம் நிறுவனங்களுக்கு மேல் ரான்சம்வேர் போய்ச் சேர்ந்தது. பராமரிப்பவர்கள் நல்லவர்களாக இருந்தாலும் அவர்கள் கருவி பிடிபட்டால் நாமும் சேர்ந்து போவோம். இப்போது தேவைப்படும்போது மட்டும் நாம் இயக்கி, வேலை முடிந்ததும் அணைக்கிறோம். அவர்களுக்கு இது கொஞ்சம் வருத்தம்.

உள்ளே வந்தாலும் நகர விடாமல்

ஒரு கணினி போவதும் 18ம் போவதும் ஒன்றில்லை. இங்கே எல்லாக் கணினிகளிலும் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு ஒன்றே. ஒரு கணினியில் அதைப் பிடித்தால் மீதி 17ம் கையில். மைக்ரோசாஃப்டின் லாப்ஸ் வசதி 2023 ஏப்ரலிலிருந்து விண்டோஸிலேயே சேர்ந்து வருகிறது. அதை இயக்கியதும் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு, குறித்த காலத்துக்கு ஒருமுறை தானாக மாறும். டொமைன் அட்மின் கணக்கால் சாதாரணக் கணினிகளில் லாகின் செய்வதையே தடுத்துவிட்டேன். உயர் கணக்கு ஒரு கணினியில் நுழைந்தால் அதன் தடயம் அங்கே நினைவகத்தில் தங்கும், திருடன் தேடுவது அதைத்தான்.

அப்புறம் விண்டோஸ் ஃபயர்வாலில், கோப்புப் பகிர்வு, ரிமோட் டெஸ்க்டாப், தொலைநிர்வாகம் ஆகியவற்றுக்கான 445, 3389, 5985 போர்ட்களில் கணினிக்குக் கணினி உள்ளே வரும் இணைப்புகளைத் தடுத்தேன். கணினிகள் சர்வரோடு பேசினால் போதும், தங்களுக்குள் பேச ஒரு காரணமும் இல்லை என்பது என் வாதம். அடுத்த காலையே காரணம் ஒன்று வந்தது, ஒருவருடைய கணினியில் செருகிய பிரின்டரை நான்கு பேர் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். பிரின்டரை நெட்வொர்க் வயருக்கு மாற்றினோம், விதியைத் தளர்த்தவில்லை. எனக்குத் தெரிந்து பணம் செலவழிக்காமல் கிடைக்கும் பாதுகாப்புகளில் இந்த ஒரு விதிதான் மிகப் பெரியது. ஏனோ இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை அணைப்பதில் ஒரு பழைய ஸ்கேனர் குறுக்கே நின்றது. அதற்கு வேறு எந்தப் பதிப்பும் தெரியாது. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் வெளியிட்டது, மே 12 அன்று வான்னாக்ரை வந்தது. நடுவே இரண்டு மாதம் இருந்தும் பிரிட்டனின் மருத்துவமனைகள் வரை முடங்கின. ஸ்கேனர் இப்போது ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்புகிறது. பேட்ச்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தானாகப் போகட்டும், ரவுட்டரும் நாஸும் விபிஎன் பெட்டியும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

கணினிகளில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரின் டேம்பர் பாதுகாப்பை இயக்கினேன், அட்மினே சுலபமாக அணைக்க முடியாதபடி. ஆஃபீஸ் நிரல்கள் வேறு நிரல்களைப் பிறப்பிப்பதைத் தடுக்கும் விதியையும், கோப்புறைகளில் அறியாத நிரல் எழுதுவதைத் தடுக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்செஸையும் முதலில் தணிக்கை முறையில் ஓட விட்டேன். தடுக்காமல், தடுத்திருந்தால் என்ன நின்றிருக்கும் என்பதை மட்டும் லாகில் 1122, 1124 என்ற எண்களில் எழுதும். கணக்கு மென்பொருள் தன் அறிக்கைகளை டாக்குமென்ட்ஸில் எழுதுவது அதில் தெரிந்தது. அதற்கு விலக்கு கொடுத்த பிறகே நிஜத் தடைக்கு மாற்றினேன். நேராகத் தடையை இயக்கினால் முதல் நாளே யாராவது வேலை நிற்கிறது என்று எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிடுவார்கள். இரட்டைக் கிளிக் செய்தால் நிரலாக ஓடிவிடும் ஜேஎஸ் வகைக் கோப்புகளை நோட்பேடில் திறக்கும்படி மாற்றியது ஐந்து நிமிட வேலை.

பொறிக் கோப்புகள் வைத்ததைச் சொல்லாமல் விட மனமில்லை, செய்ததிலேயே ஜாலியான வேலை அது. பொதுக் கோப்புறையில் பெயர் வரிசையில் முதலிலும் கடைசியிலும் வரும்படி இரண்டு மறைவான கோப்புறைகள், அவற்றில் சில போலி ஆவணங்கள். யாரும் தொட வேண்டிய அவசியமில்லாதவை. அவற்றில் ஒன்று மாறினால், மாற்றிய பயனரின் இணைப்பைச் சர்வர் அறுத்துவிட்டுக் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். முதலில் பொய் எச்சரிக்கை வந்தது. மறைவான கோப்புகளைக் காட்டச் சொல்லி வைத்திருந்த ஒருவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார், வேர்ட் பக்கத்திலேயே ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கியது. இப்போது புதுக் கோப்பு உருவானால் பொருட்படுத்தாது, ஏற்கெனவே இருப்பதன் உள்ளடக்கமோ பெயரோ மாறினால்தான் கூவும். இது தாமதமாக அடிக்கும் மணிதான், மணி அடிக்கும்போது கொஞ்சம் கோப்புகள் போயிருக்கும். கூடவே, செக்யூரிட்டி லாக் அழிக்கப்பட்டால் வரும் 1102, புதுச் சர்வீஸ் நிறுவப்பட்டால் வரும் 7045 ஆகிய இரண்டுக்கும் எச்சரிக்கை வைத்தேன்.

பேக்கப் தீர்க்காத பாதி

2019 இறுதியில் மேஸ் என்ற கும்பல் பரவலாக்கிய முறை இப்போது வழக்கமாகிவிட்டது: பூட்டுவதற்கு முன் தரவைத் திருடி, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்று மிரட்டுவது. நான் மேலே கட்டிய எந்தப் பெட்டியும் இதற்கு உதவாது. சேஞ்ச் ஹெல்த்கேரில் 2.2 கோடி டாலர் கொடுத்த பிறகும், அதே தரவு தங்களிடம் இருப்பதாக வேறொரு கும்பல் வந்து நின்றது.

எனவே திருடக் கிடைப்பதைக் குறைப்பதுதான் மிச்சம். பொதுக் கோப்புறையில் பல ஆண்டுகளுக்கு முன் வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் அடையாள அட்டை நகல்கள், போய்விட்ட வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் எல்லாம் கிடந்தன. சட்டப்படி வைத்திருக்க வேண்டியவற்றைத் தனியே மறையாக்கம் செய்து இணைப்பில் இல்லாத டிஸ்க்குக்கு மாற்றினோம், மீதியை அழித்தோம். எல்லோருக்கும் எல்லாக் கோப்புறையும் திறந்திருந்ததைப் பிரிவுவாரியாகப் பிரித்தோம். இதுதான் மிக மெதுவாக நகர்ந்த வேலை, ஏனென்றால் ஒவ்வொரு கோப்புறைக்கும் "இது என்றாவது வேண்டியிருக்கும்" என்று சொல்ல ஒருவர் இருந்தார்.

கடைசியில் ஒரு பக்கக் காகிதம் ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டினோம். திரையில் மிரட்டல் தெரிந்தால் நெட்வொர்க் வயரைப் பிடுங்கு, வைஃபையை அணை, கணினியை மட்டும் அணைக்காதே, நினைவகத்தில் தடயம் இருக்கலாம். வயரைப் பிடுங்க வழியே இல்லையென்றால் மட்டும் அணை. திரையைக் கைபேசியில் படமெடு. அலுவலக மின்னஞ்சலில் இதைப் பற்றிப் பேசாதே, திருடன் படித்துக்கொண்டிருக்கலாம். யாரைக் கூப்பிடுவது, எந்த எண், அவர் எடுக்காவிட்டால் யார், போலீஸில் புகார் கொடுப்பது யார், பூட்டிய கோப்புகளில் சிலவற்றை அழிக்காமல் எங்கே வைப்பது. யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், சில பழைய வகைப் பூட்டுகளுக்கு இலவசத் திறப்பான்கள் உண்டு. அதைத் தேடிப் பார்ப்பதும் பட்டியலில் இருக்கிறது.

முடியாமல் நிற்பது ஒன்று. ஒரு அளவீட்டுக் கருவியை இயக்கும் கணினியில் இன்னும் விண்டோஸ் 7, கருவியின் மென்பொருள் வேறெதிலும் ஓடாது. அதைத் தனி விலேனில், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதியில் போட்டு இணையத்தை மூடி, ஒரே ஒரு கோப்புறைக்கு மட்டும் முடிவுகளை அனுப்ப வழிவிட்டிருக்கிறேன். கருவியை மாற்றும்வரை அப்படியே இருக்கும்.

மீட்புச் சோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடுத்ததை நான் இல்லாமல், கணக்குப் பிரிவில் ஒருவர் காகிதத்தை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும் என்று பேசியிருக்கிறோம். அவர் இப்போதே காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, நான்காவது படி புரியவில்லை என்று திருப்பித் தந்திருக்கிறார். அதைத்தான் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.